எதிர்ப் பக்கத்து பேங்கும் என் கையெழுத்தும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் நான் பேனா பிடித்ததெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு பெயரை எழுதுகிற நேரம் மட்டும். நடந்ததில் பாதி மறந்துவிட்டது. எது முன்னே எது பின்னே என்று குழம்புகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரிடையர் ஆன கேஷியர் ஐயாதான், "பேசச் சொன்னா வாயைத் தொறக்க மாட்டேங்கிற, எழுதியாவது வையேன்" என்று சொல்லிக் கோடு போட்ட தாள் வாங்கிக் கொடுத்தார். அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு பேங்கில் பெருக்குகிற வேலை செய்தேன். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு தெருவில் அந்தக் கிளை இருந்தது. உப்பளம் என்கிற பேட்டையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். வாசலையும் உள்ளேயும் பெருக்குவது, பினாயில் போட்டுத் துடைப்பது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது, டீ வாங்கி வருவது, மத்தியானம் டிபன் பாத்திரம் கழுவுவது எல்லாம் நான்தான். வீட்டுக்காரர் தவறிய பிறகு மகன் வீட்டில் இருந்தேன். அந்தப் பேங்க் சம்பளம் இருந்ததால்தான் மருமகள் முகத்தை நிமிர்ந்து பார்த்துத் தட்டை நீட்ட முடிந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது.

எங்களுக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால், வேறொரு பேங்க். எங்களுடையதைவிடப் பெரியது. கண்ணாடிக் கதவும் ஏசியும் இருக்கும். அங்கேயும் பெருக்க ஒருத்தி இருந்தாள். அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். என்னைவிட இருபது வயதாவது சின்னவள். அவள் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்த படுக்கை. ரெண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்குத்தான் வாசல் பெருக்குவோம். ரோட்டில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. குப்பை நடுவில் வந்து சேரும். யார் கையில் முறம் இருக்கிறதோ அவர்கள் அள்ளிவிடுவோம். வெள்ளிக்கிழமை அவள் தன் பேங்க் வாசலில் கோலம் போட்டுவிட்டு, மாவு மிச்சமிருந்தால் ரோட்டைத் தாண்டி வந்து எங்கள் வாசலிலும் நாலு இழை இழுத்துவிடுவாள். நான் வேதக்காரி, எனக்குக் கோலம் போட்டுப் பழக்கமில்லை. முதல் தடவை நான் தயங்கி நின்றபோது, "மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்கக்கா. இது உன் வூட்டுக்கு இல்ல, பேங்குக்கு" என்றாள்.

எனக்குக் காய்ச்சல் என்றால் அவள் தன் வேலையை முடித்துவிட்டு வந்து இங்கேயும் பெருக்குவாள். அவள் வீட்டில் ஏதாவது என்றால் நான் அங்கே. ரெண்டு மேனேஜருக்கும் தெரியும். தரை சுத்தமாக இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இப்போது சம்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களை வேலைக்கு வைத்ததாக எந்தக் காகிதமும் கிடையாது. மாதம் முடிந்ததும் சில்லறைச் செலவு என்று ஒரு வவுச்சர் போட்டு, அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசு கொடுப்பார்கள். நான் சேர்ந்த புதிதில் இருந்த மேனேஜர் சொன்னார், "ஒரே பேரு தொடர்ந்து வந்தா நிரந்தர வேலை கேட்பேன்னு மேல ஆட்சேபணை பண்ணுவாங்கம்மா. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தரம் பேரை மாத்திடு. வூட்டுல யார் பேரையாவது போடு." அவர் கெட்டவர் இல்லை. எல்லாக் கிளையிலும் அப்படித்தான் என்று கேஷியர் ஐயாவும் சொன்னார். எதிர்ப் பக்கத்திலும் அதே வழக்கம்தான்.

நான் என் அம்மா பெயரை எழுதினேன். அப்புறம் பெரியம்மா பெயர், என் நாத்தனார் பெயர். நாலாவதாக என் மகள் பெயர். எனக்கு மகனுக்கு முன்னால் ஒரு மகள் இருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள்.

வேறு ஆள் என்றால் கையெழுத்தும் வேறு மாதிரிதானே இருக்க வேண்டும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. எழுதக் கற்றிருந்தால் எப்படி எழுதியிருப்பாள் என்று யோசித்து, பெரிய பெரிய எழுத்தாக, நடுங்கினாற்போல எழுதுவேன். பெரியம்மா அவசரக்காரி, அவள் பெயர் வலது பக்கம் சாய்ந்து ஓடும். நாத்தனாருடையது நெருக்கமாக, கஞ்சத்தனமாக இருக்கும். மகளுடையதை முதலில் அவள் சிலேட்டில் எழுதின மாதிரியே குண்டு குண்டாக எழுதினேன். பிறகு வருஷம் போகப் போக, இருந்திருந்தால் இந்நேரம் அவள் எழுத்து இப்படி ஆகியிருக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தேன். அவள் பெயர் எழுதுகிற மாதங்களில் வீடு வரைக்கும் மனசு ஒரு மாதிரி இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எதிர்ப் பக்கத்துக்காரிக்கு எழுத்து தெரியாது. எந்தப் பெயர் போட்டாலும் இடது கட்டை விரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு வருவாள். அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட தழும்பு ஒன்று அந்த விரலில் குறுக்கே ஓடும். சம்பள நாளன்று டீக்கடையில் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "அக்கா படிச்சவங்க, நாலு பேரு வச்சிருக்காங்க. எனக்கு ஒரே கட்டை விரல்தான்" என்று கேலி செய்வாள். நான் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ரெண்டு பேங்கையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்று டிவியில் சொன்ன மறுநாள், மேனேஜர் டீயைத் தொடவே இல்லை. ஆடை கட்டிப்போனதை அப்படியே எடுத்து வந்தேன். எனக்கு ஒன்றும் விளங்காமல் கேஷியர் ஐயாவைக் கேட்டேன். பெரிய பெரிய ஆட்கள் கோடிக்கணக்கில் கடன் வாங்கிவிட்டுக் கட்டவில்லை, அதில் பேங்கில் ஓட்டை விழுந்துவிட்டது, தனியாக விட்டால் முழுகிப்போகும் என்று பெரிய பேங்கோடு சேர்த்துக் கட்டுகிறார்கள் என்றார். வெளிநாட்டு பேங்குகள் மாதிரி நம்முடையதும் பெரிதாக இருக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஆசை. ஒரே தெருவில் ரெண்டு கிளைக்கு வாடகை, கரண்டு, ஆள் என்று எதற்குச் செலவு, அதுவும் ஒரு கணக்கு என்றார்.

நம்மிடம் தோடு, மூக்குத்தி வைத்து வாங்கினவர்கள் எல்லாரும் கட்டி மீட்டுக்கொண்டு போனார்களே என்றேன்.

"அவங்க கட்டிட்டாங்கம்மா. ஓட்டை போட்டவன் இந்தத் தெரு எங்க இருக்குன்னுகூடப் பாத்திருக்க மாட்டான்" என்றார்.

முதலில் போர்டு மாறியது. ரோட்டின் ரெண்டு பக்கமும் ஒரே பெயர், ஒரே நிறம். உள்ளே கம்ப்யூட்டரெல்லாம் மாற்றிக்கொண்டிருந்ததால் இங்கே வந்தவர்களை அங்கே போகச் சொல்வார்கள், அங்கிருந்து திரும்ப இங்கே அனுப்புவார்கள். பிரான்சு பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஒரு சொல்தாவின் பெண்சாதி, வயசான மதாம், குடையை ஊன்றிக்கொண்டு பென்ஷன் வாங்க எங்கள் கிளைக்கு வருவார்கள். கோயிலுக்குப் பூசைக்கு வருவார்கள், அதில் எனக்குப் பழக்கம். கணக்கு எண் மாறியதில் அவர்கள் பென்ஷன் எங்கேயோ மாட்டிக்கொண்டது. ஒரே காலையில் நான் அவர்களைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டக் கூட்டிப்போய், கூட்டிவந்து, மறுபடியும் கூட்டிப்போனேன். கடைசியில் நடு ரோட்டில் நின்றுவிட்டார்கள். "நான் என்ன பந்தா? இவன் அடிச்சா அங்க, அவன் அடிச்சா இங்க" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்கள். பென்ஷன் பிறகு வந்துவிட்டது என்று கேள்வி. எதிர்ப் பக்கத்து பேங்குக்குப் படி அதிகம். அதன்பிறகு அவர்கள் வரவில்லை, பேரனையோ யாரையோ அனுப்பினார்கள்.

பிறகு எங்கள் கிளையை மூடப்போகிறார்கள் என்று உறுதியானது. மேனேஜருக்கு வடக்கே மாற்றல். கைக்குழந்தை வைத்திருந்த கிளார்க் அம்மாவை வேறு மாநிலத்துக்குப் போட்டுவிட்டார்கள். சாமான் அறையில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள், நான் துடைப்பத்தை எடுக்கப் போய் எடுக்காமலே வந்துவிட்டேன். ஆனாலும் அவர்கள் எல்லாருக்கும் போக ஓர் இடம் எழுதிய காகிதம் வந்தது. எனக்கு வரவில்லை.

கேஷியர் ஐயா சங்கத்தில் இருந்தவர். அவர் மேலே எழுதிப் போட்டு ஓடியாடினதில், சேர்ந்த கிளைக்குப் பெருக்க ஒரே ஓர் ஆளை முறையாக எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ரெண்டு பேரில் யார் விடாமல் அதிக வருஷம் வேலை செய்தார்களோ அவர்களுக்கு. அதை ஒரு அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார்.

எனக்குத்தான் வருஷம் அதிகம். அது எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்த நாட்களில் நாங்கள் டீக்கடையில் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் ஒரு டீயை ரெண்டு கிளாசில் ஊற்றிக் குடிப்போம். இப்போது தனித்தனியாகச் சொன்னோம். ஒரு நாள் அவள் கிளாசைப் பார்த்துக்கொண்டே, "உனக்குக் கெடைச்சாலும் எனக்குக் கெடைச்சாலும் ஒண்ணுதான்க்கா" என்றாள். நானும் ஆமாம் என்றேன். ஒன்றில்லை என்று ரெண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவளுக்குப் பெரிய பெண்ணை அந்த வருஷம் காலேஜில் சேர்க்கணும். எனக்குத் தட்டு நீட்டணும். குப்பை மட்டும் வழக்கம்போல் ரோட்டின் நடுவில் வந்து சேர்ந்தது.

வந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகவே பேசினார். எதிர்ப் பக்கத்துப் பேங்கில் ஏசி அறையில் வைத்து விசாரித்தார். பழைய வவுச்சர்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். முதலில் அவளுடையதைப் பார்த்தார். பெயர்கள் வேறு வேறு, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே விரல், குறுக்கே அந்த வெட்டுத் தழும்பு. பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. அவள் விரலைக் காட்டச் சொன்னார், காட்டினாள். "சரி, இத்தனை வருஷமும் நீங்கதான்" என்றார்.

அப்புறம் என்னுடையது. அவர் நாலு பெயர்களையும் பிரித்துப் பிரித்து வைத்தார். பிரித்து வைத்த பிறகு பார்த்தால் எனக்கே நாலு பேர் எழுதின மாதிரிதான் இருந்தது.

"சார், நாலும் இந்தம்மாதான். பேரை மாத்தச் சொன்னதே நாமதான்" என்றார் கேஷியர் ஐயா.

"பேரு மாறினது புரியுது சார். எழுத்தும் மாறியிருக்கே. இது நாலு லேடீஸ் ரெண்டு ரெண்டு மாசம் வந்து போன மாதிரி இருக்கு" என்றார் அவர். பிறகு என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "நீங்களே எழுதிக் காட்டுங்கம்மா, பாத்துடலாம்" என்றார்.

பேனாவை வாங்கினேன். அறையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். நான் எழுதும்போது யாரும் பார்த்ததில்லை. வவுச்சர் கட்டுக்கு மேலாக இருந்தது மகளின் பெயர். அதை எழுதத்தான் முதலில் பேனாவை வைத்தேன். முதல் எழுத்தின் சுழி வரவில்லை. அது யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. சுவரோரமாக நின்றுகொண்டிருந்த எதிர்ப் பக்கத்துக்காரி, "எழுதுக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம் அவள்.

நான் என் சொந்தப் பெயரை எழுதினேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேறு எதுவும் கைக்கு வரவில்லை.

அவர் அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு கட்டின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். "இந்தப் பேரு எதுலயுமே இல்லையேம்மா" என்றார். எழுத்தும் எதனோடும் ஒத்துப்போகவில்லை. கேஷியர் ஐயா நிறைய வாதாடினார். எனக்கு அது தூரத்தில் யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. அதிகாரி திட்டவில்லை, சந்தேகப்படவும் இல்லை. "நான் நம்பறேன்மா. ஆனா காகிதத்துல வேணுமே" என்றார்.

வேலை அவளுக்கு ஆயிற்று.

எங்கள் கிளையின் கடைசி நாளும் நான்தான் பெருக்கினேன். பெஞ்சுகளை வேனில் ஏற்றினார்கள், கவுண்டர் பலகையைக் கழற்றினார்கள். இத்தனை வருஷம் பெஞ்சுக்கு அடியில் துடைத்த இடம் மட்டும் தரையில் வெளுப்பாக இருந்தது. போர்டை இறக்கினதும் சுவரில் பழைய பெயரின் அடையாளம் அழுக்காகத் தெரிந்தது. இப்போது அங்கே வாடகைக்கு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர் ஒரு வருஷம் பார்த்தார், வியாபாரம் இல்லை என்று கடையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவள் என்னிடம் வந்து, வாரத்தில் மூன்று நாள் நீ வா, மூன்று நாள் நான் வருகிறேன், காசைப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம், முன்பு செய்ததுதானே என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். நானும் சரி என்று ஒரு நாள் போனேன். ஆனால் புதிதாக விரல் வைக்கிற மெஷின் மாட்டியிருந்தார்கள். காலையில் வந்ததும் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை விரலை வைத்தால்தான் அன்றைய கூலி. அது அவள் விரலைத்தான் எடுக்கும். ஒருத்தர் வேலையை ஒருத்தர் பார்க்க முடியாது. நான் பெருக்கின அன்றைக்கு அவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது. வாசலில் வைத்திருந்த என் பழைய துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். மார்க்கெட்டுக்குச் சுற்றிக்கொண்டு போவேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது.

வீட்டில் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும். மருமகள் சோறு போடத்தான் செய்கிறாள். நான்தான் கடைசியாக, எல்லாரும் எழுந்த பிறகு சாப்பிடுகிறேன்.

போன மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வரும்போது அவள் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததில்லை. இளைத்துப்போயிருந்தாள். உட்காரச் சொல்லி காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

"பாருக்கா. மெஷினு என்னை நான் இல்லங்குது."

கட்டை விரலைப் பிடித்துப் பார்த்தேன். பினாயிலும் ஆசிட்டும் பட்டுப் பட்டு ரேகையெல்லாம் அழிந்து வழவழவென்று இருந்தது. தழும்பு மட்டும் இருந்தது. சேர்ந்த கிளை பெரிசு, கழிவறை அதிகம், முன்பு ரெண்டு பேர் செய்ததை அவள் ஒருத்தி செய்கிறாள். துடைத்துப் பார்த்தாளாம், எண்ணெய் தடவிப் பார்த்தாளாம், வேறு விரலை வைத்தும் பார்த்தாளாம். சில நாள் எடுக்கும், பல நாள் எடுக்காது. எடுக்காத நாளுக்குக் கூலி இல்லை. விரல் விழாதவரைக்கும் வர வேண்டாம், வெளியாள் கம்பெனியிடம் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம் என்று புது மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"நீதான் எழுதத் தெரிஞ்சவ. ஒரு மனு எழுதிக் குடுக்கா" என்றாள். நீட்டின கையை மடியில் இழுத்துக்கொண்டு, "உங்கிட்ட வந்து கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. வேற யாரைப் போய்க் கேப்பேன்" என்றாள்.

பேரனின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இத்தனை வருஷம் விடாமல் வேலை செய்வதையும், விரல் தேய்ந்தது அந்த வேலையால்தான் என்பதையும், மெஷினுக்குப் பதிலாகப் பழையபடி மையில் விரல் வைக்க விடும்படியும் எழுதினேன். யார் மாதிரியும் எழுதவில்லை. என் எழுத்து எப்படி வருகிறதோ அப்படியே எழுதினேன். வரி மேலும் கீழுமாகத்தான் போனது. கடைசியில் மகனின் ஸ்டாம்ப் மையில் விரலை ஒற்றி அவள் வைத்தாள். தாளில் ஒரு கறுப்புத் திட்டும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடும் விழுந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பேங்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பெரிய பெண் காலேஜை முடித்துவிட்டாளா என்று கேட்டேன். நடுவிலேயே நின்றுவிட்டாள், துணிக்கடை வேலைக்குப் போகிறாள் என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

மனுவைக் கொடுத்தாளா, வாங்கிக்கொண்டார்களா, அவளை வைத்துக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது. அவள் மறுபடி வரவில்லை. போனும் அவள் பக்கத்து வீட்டாருடையது, அந்த எண்ணை எழுதி வைத்த காகிதத்தை நான் எங்கேயோ வைத்துவிட்டேன்.

கேஷியர் ஐயா, நான் எழுதியதில் எந்த மாதம் எந்தப் பெயர் என்பதும், போர்டு மாறினது முதலா கம்ப்யூட்டர் மாறினது முதலா என்பதும் தப்பாக இருக்கலாம். கடன், ஓட்டை என்று நீங்கள் சொன்னதை நான் சரியாக வாங்கிக்கொண்டேனா என்றும் தெரியவில்லை. நீங்கள் படித்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். அதோடு, அந்தப் பக்கம் போகும்போது ஒரு காலை நேரம் எதிர்ப் பக்கத்துக் கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள். உள்ளே பெருக்குவது அவள்தானா என்று பார்த்து, அதையும் இதில் சேர்த்துவிட்டால் நல்லது.